ஓட்டுபவனுக்குத் தெரியாத பின்சீட்டு

ஆலப்பாக்கம் தாண்டி, சாலை வேலைக்காகத் திருப்பிவிட்டிருந்த மண்பாதையில் வண்டி இறங்கியபோது அடியிலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்தது. இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா இரண்டு கைகளையும் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, நிறைந்த குடத்தைத் தாங்குவதுபோலத் தாங்கிக்கொண்டிருந்தாள். கை நிறைய புதுக் கண்ணாடி வளையல்கள். அம்மாதான், “மெதுவாடா” என்றாள். அந்த மண்பாதை முடிவதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது. சஸ்பென்ஷனை மாற்றிவிட வேண்டும்.

அன்று அக்காவுக்கு வளைகாப்பு. அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை, வீடும் அங்கேயே. ஏழாம் மாதம் அங்கே வளையல் போட்டு, பிரசவத்துக்குச் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தோம். வண்டியில் நான், அம்மா, அக்கா, பெரியம்மா, அவள் மகள் என்று ஐந்து பேர். டிக்கியில் சீர்த்தட்டுகள், மிச்சமிருந்த கலந்த சாதம், ஒரு மூட்டை அரிசி. மூன்றாவது கையாக என்னிடம் வந்த சின்ன கார் அது. பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது.

அக்காவுக்குப் போன வருடம் ஐந்தாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போனது. அப்போது கூட இருந்து பார்த்தவர் கடலூரில் இருக்கும் ஒரு டாக்டரம்மா. இந்த முறையும் அவரைத் தவிர வேறு யாரிடமும் காட்டமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவரோ ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நஞ்சுக்கொடி கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது, வெயிட் தூக்கக் கூடாது, ரொம்பக் குலுங்கக் கூடாது, துளி ரத்தம் பட்டாலும் உடனே வந்துவிட வேண்டும் என்று எச்சரித்திருந்தார். தாய்வீடு சிதம்பரம், டாக்டர் கடலூர். இரண்டுக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சாலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அந்தச் சாலையில் அக்காவைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. பஸ் வேண்டாம், வாடகைக் கார் வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னவனும் நான்தான்.

நான் படித்தது மெக்கானிக்கல். பார்ப்பது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. படித்ததைத் தொட்டுப்பார்க்க எனக்கு மிஞ்சியது இந்தக் கார் ஒன்றுதான். அதனால் யோசனை வந்த மறுநாளே இறங்கிவிட்டேன். வண்டியின் ஒவ்வொரு மூலையையும் இரண்டு கையால் அழுத்தி விட்டேன். ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும். பின்பக்கம் மூன்று தடவை ஆடியது. கீழே படுத்துப் பார்த்தால் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. அது செத்துவிட்டது. அதில் சந்தேகமில்லை. புதிதாக எதைப் போடுவது என்பதுதான் கேள்வி.

பழைய மாதிரியே கம்பெனி எண்ணெய் ஷாக் போடலாம். அது எனக்கு உப்புச்சப்பில்லாமல் தெரிந்தது. கேஸ் நிரப்பியது இருக்கிறது, குமிழைத் திருகி இறுக்கமாகவோ தளர்வாகவோ வைத்துக்கொள்ளலாம். கூடவே கொஞ்சம் கட்டியான ஸ்பிரிங்கும், சுருளுக்கு நடுவில் செருகும் ரப்பர் பஃபரும் இருக்கின்றன. ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்தேன். ஹைவேயில் நூறில் போனாலும் வண்டி அலையாது, வளைவில் சாயாது, அடி தட்டாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அடி தட்டாது என்ற ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. கண்ணை மூடினால் அந்த ‘டங்’தான் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இன்னொரு முறை வந்தால் அக்காவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று நான் மனதுக்குள் முடிவுகட்டிவிட்டேன். சத்தம் வராமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்றும் அதோடு சேர்ந்து ஒரு முடிவு வந்து ஒட்டிக்கொண்டது. அதை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

புவனகிரி போகிற சாலையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் ஷெட் வைத்திருக்கிறார். நான் வாங்கிவந்த பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “அக்காவ கூட்டிட்டுப் போவவா, இல்ல ரேஸுக்குப் போவவா தம்பி?” என்றார்.

“அடியில சத்தம் வரக்கூடாதுண்ணா. அவ்ளோதான்.”

“சத்தம் வராது. அதுக்கு நான் கேரண்டி.”

எவ்வளவு உயரம் வைப்பது, பஃபர் எத்தனை செருகுவது என்று பார்க்க அவருக்கு வண்டியில் பாரம் ஏற்ற வேண்டியிருந்தது. நான் வளைகாப்பு நாளை அப்படியே ஷெட்டில் நடத்திக் காட்டினேன். என் நண்பர்கள் மூன்று பேரைப் பின்சீட்டில் நெருக்கி உட்காரவைத்து, டிக்கியில் பக்கத்துக் கடை அரிசி மூட்டை இரண்டைத் தூக்கிப் போட்டேன். அவர்கள், “சீர் வரிசை எங்கடா, வளையல் எங்கடா” என்று கலாட்டா செய்தபடி நின்ற வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தரையில் குந்தி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் டேப் வைத்து அளந்தேன். அவ்வளவு பாரத்திலும் வண்டி நிமிர்ந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதன்பிறகு அந்த வண்டியில் ஐந்து பேரும் அரிசி மூட்டையும் ஒன்றாக ஏறவே இல்லை. ஏறியதெல்லாம் நானும் அம்மாவும் அக்காவும்தான்.

புதுச் சாமான் மாட்டினதற்கு அம்மா கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அக்காவைப் பின்சீட்டில்தான் உட்காரவைத்தாள், ஒரு தலையணை போட்டு. முன்சீட்டில் உட்காரட்டுமே என்று நான் ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். எதிரில் வருகிறவன் கண்ணெல்லாம் வயிற்றில்தான் விழும் என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் மாசமாக இருப்பவர்களை முன்னால் உட்காரவைத்து யாரும் பார்த்ததில்லை. அம்மாவும் அக்காவோடு பின்னால்தான். என் பக்கத்து சீட்டில் ஃபைலும் தண்ணீர் பாட்டிலும் வரும்.

முதல் பயணத்தில் வண்டி எனக்குப் புதிதாகப் பிறந்ததுபோல இருந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஸ்டியரிங் கைக்குள் கச்சிதமாக நின்றது. அதே மண்பாதையில் இறங்கினேன், ‘டங்’ இல்லை. கண்ணாடியில் அக்காவைப் பார்த்து, “எப்பிடி இருக்கு?” என்று கேட்டேன். “நல்லாருக்குடா” என்றாள். செம்மங்குப்பம் பக்கம் டேங்கர் லாரிகள் மிதித்து மிதித்து ஓரமெல்லாம் அலை அலையாகக் கிடக்கும். அங்கேயும் சத்தமில்லாமல் கடந்தோம். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் நல்லாருக்கு என்றாள். நான் பாட்டுக்கு, இறுக்கமான ஷாக் என்ன செய்யும், ஸ்பிரிங் என்ன செய்யும் என்று கடலூர் வரை பாடம் நடத்திக்கொண்டு போனேன்.

இரண்டாவது பயணமும் அப்படித்தான். அம்மா மட்டும் இடுப்பு வலிக்கிறது என்றாள். அம்மாவுக்கு எப்போதுமே இடுப்பு வலிக்கும்.

மூன்றாவது தடவை மழை. மண்பாதை சேறாகிக் கிடந்தது. அதில் பின்சக்கரம் தரையைப் பிடிக்காமல் தத்தித் தத்திப் போனதை அன்றுதான் முதன்முதலில் உணர்ந்தேன். வண்டியின் வால் ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தது. எதிரில் ஒரு டேங்கர். பிரேக்கைத் தொட்டால் இன்னும் நகரும் என்று தெரியும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். டேங்கர் எங்கள் முன்கண்ணாடியில் சேற்றை அடித்துவிட்டுக் கடந்துபோயிற்று. வைப்பர் இரண்டு முறை துடைத்த பிறகுதான் சாலை தெரிந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கண்ணாடியில் பார்க்கவும் பயமாக இருந்தது. அப்போது பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“வண்டிய நிறுத்துடா. எனக்கு என்னமோ நனஞ்ச மாதிரி இருக்கு.”

நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா புடவையை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும். “போடா, போயிக்கிட்டே இரு” என்றாள். அந்தக் குரலை அதற்கு முன் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன், போன வருடம். வேகமாகப் போனால் குலுங்கும், மெதுவாகப் போனால் நேரமாகும். அந்தப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரும் ஆக்சிலேட்டரை மிதிப்பதும் விடுவதுமாகவே போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் என் வயிற்றை எக்கிக்கொண்டேன், ஏதோ அதனால் அவளுக்குக் குலுங்காது என்பதுபோல. குடிகாட்டுக் கெமிக்கல் நெடி மூக்கில் ஏறியபோது மாமாவுக்குப் போன் போடச்சொன்னேன். அம்மாவுக்குப் போன் பூட்டைத் திறக்கவே வரவில்லை. அக்காதான் வாங்கிப் போட்டாள். “ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. ஒண்ணும் பயப்படாதீங்க” என்று அவள் அவருக்குத் தைரியம் சொன்னாள்.

உள்ளே கொண்டுபோனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். மாமா கம்பெனி யூனிபார்மோடு ஓடிவந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. உள்ளே குழந்தையின் இதயத்துடிப்பைத் தேடும் கருவியின் கரகரப்பு கதவு வழியாகக் கேட்டது. வெறும் கரகரப்பு. தேடுகிறார்கள், இன்னும் தேடுகிறார்கள். பிறகு குதிரை ஓடுவதுபோலத் தடதடவென்று ஒன்று பிடித்துக்கொண்டது. அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்து, ரத்தம் நின்றுவிட்டது, குழந்தை நன்றாக இருக்கிறது, இரண்டு நாள் படுக்கையில் வைத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு எங்கிருந்து எதில் வந்தீர்கள் என்று விசாரித்தார். நான்தான் ஓட்டிவந்தேன் என்றேன். வண்டியாலயா டாக்டர் என்று மாமா கேட்டார்.

“வண்டியாலதான்னு சொல்ல முடியாது, இது சும்மா படுத்திருந்தாலும் வரும். வண்டியால இல்லன்னும் என்னால சொல்ல முடியாது. இனிமே அந்த ரோட்ல கூட்டிட்டுப் போகாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே எங்கயாவது வச்சிக்கங்க.”

சாயங்காலம் அம்மாவை அங்கே விட்டுவிட்டு, துணிமணி எடுத்துவர நானும் மாமாவும் சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். சாவியை அவரிடம் நீட்டினேன். முன்கதவைத் திறந்தவன், என்னவோ தோன்றி, மூடிவிட்டுப் பின்னால் போய் அக்கா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

“என்னா மச்சான், என்னய டிரைவரா ஆக்கிட்டியா?” என்றார் மாமா. சிரிக்க முயன்றார்.

அந்தக் கார் என்னிடம் வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அதன் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என் வண்டியில் நான் எதற்குப் பின்னால் உட்காரப்போகிறேன்? ஓட்டுபவன் இரண்டு அச்சுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறான், கையில் பிடிமானம் இருக்கிறது, பள்ளம் வருவதும் முன்னாலேயே தெரிகிறது. பின்சீட்டு, பின்சக்கரத்தின் தலைமேலேயே இருக்கிறது. இதெல்லாம் நான் பரீட்சையில் படம் போட்டு எழுதியவைதான்.

செம்மங்குப்பத்து அலைகளில் வண்டி ஏறியதும் சீட்டு என்னைக் கீழிருந்து உதைத்தது. ஒரு உதை அடங்குவதற்குள் அடுத்தது. நான் செருகவைத்த பஃபரும், கடைசி வரை திருகவைத்த குமிழும், ஐந்து பேருக்கும் அரிசி மூட்டைக்கும் என்று போட்ட ஸ்பிரிங்கும், ஒற்றை ஆளான என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டன. சத்தம் இல்லை. மெக்கானிக் சொன்ன வாக்கு சரிதான், கொஞ்சம்கூடச் சத்தம் இல்லை. எதிர்பார்க்காத ஒரு பள்ளத்தில் தலை கூரையில் இடித்தது. அடிவயிற்றில், தொப்புளுக்குக் கீழே, யாரோ உள்ளங்கையால் தட்டியதுபோல ஒரு வலி நின்றது. எனக்கே இப்படி. தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதில் அக்காவின் எண்ணெய் வாசனை.

மாமா வேகத்தைக் குறைத்தார். குறைத்தும் அடங்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் வயிற்றுக்குக் கீழே கொடுத்து உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

“எத்தன தடவ இதுல கூட்டிட்டு வந்த?”

“மூணு, மாமா.”

அதற்குப் பிறகு சிதம்பரம் வரை ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறக்கினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அக்காவிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. கால்மாட்டில் கட்டிலை உயர்த்திப் படுக்கவைத்திருந்தார்கள். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நீ எவ்ளோ ஆசையா மாட்டிட்டு வந்த. கண்ணாடியில பாத்துப் பாத்துக் கேட்ட. உன் மூஞ்சியப் பாத்துட்டு என்னான்னு சொல்றது? எனக்கும் இதெல்லாம் மாசமா இருக்கறதாலதான் போலன்னு நெனச்சேன்.”

பிறகு, “ஒண்ணும் ஆவலல்ல. உடு” என்றாள். அவள் கை வயிற்றின் மேலேயே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு மட்டும்தான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மாவுக்கு வேறு ஒரு குழப்பம். வளையல் போட்டு அழைத்துவந்த பெண்ணைக் குழந்தை இல்லாமல் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற வழக்கம் இல்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சிதம்பரத்து வீட்டைப் பூட்டி, தன் குக்கரையும் சாமி படத்தையும் பையில் கட்டிக்கொண்டு குடிகாட்டுக்கே வந்துவிட்டாள். “நான் இருக்குற எடம்தான் அவளுக்குத் தாய்வீடு” என்றாள் மாமாவிடம், அவர் ஏதோ மறுத்ததுபோல. அவர் மறுக்கவே இல்லை. நானும் லேப்டாப்போடு வந்துவிட்டேன். மாமா ஷிப்டில் இருக்கும்போது வீட்டில் வண்டி ஓட்ட ஆள் வேண்டும். ஆம்புலன்ஸ் நம்பரும் பிரிட்ஜில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆனாலும் வாசலில் நிற்கிற வண்டி வாசலில் நிற்கிற வண்டிதான்.

ஆக, இப்போது ஐம்பது கிலோமீட்டர் இல்லை. குடிகாட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்துக்கும் குறைவு. பிரசவத்துக்குத் தேதி குறித்திருக்கிறார்கள், இன்னும் மூன்று வாரம். அந்தத் தேதியில் போனால் சாவகாசமாகப் போகலாம். மறுபடி ரத்தம் பட்டால் எந்த நேரமானாலும் அந்த நிமிடமே போக வேண்டும். அக்கா கழிவறைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் வீட்டில் பேசுவதை நிறுத்திவிடுகிறோம். கதவு திறந்து அவள் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிய பிறகுதான் டிவி சத்தம் காதில் விழுகிறது.

நேற்று புவனகிரி ஷெட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். மெக்கானிக் கேலி எதுவும் செய்யவில்லை, அக்கா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் விசாரித்தார். கட்டி ஸ்பிரிங்கும் பஃபரும் வெளியே வந்தன. பழைய ஸ்பிரிங் நல்லாத்தான் இருந்தது, அதையே போட்டோம். நான் உப்புச்சப்பில்லை என்று ஒதுக்கிய கம்பெனி எண்ணெய் ஷாக், நான்கும் புதிது. டயரில் நான் ஆர்வக்கோளாறில் ஏற்றிவைத்திருந்த காற்றைக் கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்கு இறக்கினேன். திரும்பி வரும்போது வளைவில் வண்டி கொஞ்சம் சாய்ந்தது, ஸ்டியரிங் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. ஓட்ட நன்றாக இல்லை. இப்போது அதை வைத்து எந்த முடிவுக்கும் வர எனக்குத் தைரியம் இல்லை.

அக்காவுக்கு எந்த சீட்டு சரிப்படும் என்று பார்க்க, நாளை காலை மாமா ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரையே ஓட்டச் சொல்லியிருக்கிறேன். நான் பின்னால். அந்த நேரத்துக்கு அக்காவோடு வீட்டில் இருக்கப் பெரியம்மா வருகிறாள். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைக்கப்போகிறேன், சீட்டைப் பின்னால் தள்ளி, கொஞ்சம் சாய்த்து. முதலில் மாட்டேன் என்றாள். வாழ்நாளில் காரில் முன்னால் உட்கார்ந்ததில்லையாம். அக்கா முன்னால் உட்காருவதானால், எதிரில் வருகிறவன் கண் விழாமலிருக்க அவள் மடியில் ஒரு துண்டு போட்டுக்கொள்வது என்று பேசி முடித்திருக்கிறோம். பெல்ட்டை வயிற்றுக்குக் கீழாகப் போட்டால் முன்னால் உட்காரலாம் என்று டாக்டரம்மாவிடமும் கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரை போய், அங்கே நானும் அம்மாவும் இடம் மாறி உட்கார்ந்து, திரும்ப வர வேண்டும். வழி முழுக்க நான் எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது, அவளாகச் சொல்ல வேண்டும். எங்கே இடுப்பில் விழுந்தது, எந்தப் பள்ளத்தில், எந்த சீட்டில். அம்மா இதுவரை தன் இடுப்பைப் பற்றிப் பொய் சொன்னதில்லை.